இசைத்தட்டு மேடை: பக்கத்துக்கு ஒரு புதுப் பாட்டு

கருநாடக இசை, நாட்டுப் பாடல், பழைய திரை இசை என்று இப்பகுதியில் இதுவரை வலம் வந்தோம். இத்திங்கள் நாம் எடுத்துக்கொள்வது இம்மூன்றிலும் சேராத ஒன்று. 1984ஆம் ஆண்டு இங்கிலாந்தில் வெளிவந்த, காது செவிடுபட முழங்கும் ஒரு குழுவின் பாடல் திரட்டு அது. 'இதற்கும் நம் சங்கத்து இதழுக்கும் என்ன உறவு?' என்று புருவம் நெரிக்கும் பெரியோர் சற்றே பொறுத்தருள வேண்டுகிறோம். உறவு நம் உறுப்பினர் ஒருவர் வீட்டிலிருந்தே வந்தது.

செம்பூரில் வாழும் அவ்வன்பர், கல்யாண் லோகோ ஷெட்டில் 36 ஆண்டுகள் உழைத்துச் சென்ற ஏப்ரலில் ஓய்வு பெற்றவர். அவருடைய மைந்தன் இவ்வாண்டுதான் வேலையில் அமர்ந்தான். முதற் சம்பளத்தில் தாய்க்குப் புடவையும் தந்தைக்கு வேட்டியும் எடுத்தவன், எஞ்சிய பணத்தில் தனக்கென்று ஒரு பழைய இசைத்தட்டை வாங்கினான். இரட்டைத் தட்டு, உறையோ அட்டையாலன்று, கருந்தோலால் ஆனது. "ஐயா, சாம்பிராணி மணக்க வேண்டிய கூடத்தில் செருப்புக் கடை மணக்கிறது. நீங்கள் இசையைப் பற்றி எழுதுகிறவர், பையனுக்கு நாலு வார்த்தை எடுத்துச் சொல்லுங்கள்" என்று அன்பர் தொலைபேசியில் அழைத்தார். நாமும் ஒரு ஞாயிறு மாலை சென்றோம். சொல்லச் சென்ற நாம் கேட்டுத் திரும்பிய கதையே இது.

குழுவின் பெயர் மோட்டார்ஹெட். திரட்டின் பெயர் 'நோ ரிமோர்ஸ்'. 'கழிவிரக்கம் இல்லை' என்று பொருள் கொள்ளலாம். முதற் பாட்டிலேயே நாம் தளர்ந்தோம் என்பதை ஒளிப்பானேன்? சரளைக் கல்லை அரைவையில் இட்டாற்போன்ற ஒரு குரல். அதன் அடியில் இரைந்துகொண்டே ஓடும் ஒரு பேஸ் கிட்டார். சுருதி, கமகம், இழைவு என்று நாம் பழகிய எதுவும் அங்கில்லை. மூன்றாம் பாட்டு முடிவதற்குள் அம்மையார் காப்பி கொண்டுவந்தார். அது நமக்குப் பேருதவி ஆயிற்று. ஆனால் ஒரு பக்கம் முடிந்ததும் தட்டைத் திருப்பிப் போட எழுந்த இளைஞன், "மாமா, இந்தப் பக்கத்தின் கடைசிப் பாட்டைக் கவனித்தீர்களா? மற்ற ஐந்தும் பழையவை. இது மட்டும் அப்போது புதிதாகப் பாடியது. நாலு பக்கத்திலும் அப்படித்தான்" என்றான். பாடல்கள் 24, பக்கத்துக்கு ஆறு, ஒவ்வொரு பக்கத்தின் ஈற்றிலும் ஒரு புதுப் பாட்டு. இந்த ஒழுங்கு தற்செயலாக அமைந்ததன்று. அதன் பின்னே ஒரு வழக்கே இருக்கிறது.

நிற்க. திரட்டு என்னும் பொருளைப் பற்றி முதலில் ஒரு சொல். நம் பழைய தொகைநூல்களுக்கு ஒரு நல்ல வழக்கம் உண்டு. தொகுத்தவர் யார், தொகுப்பித்தவர் யார் என்று இரண்டையும் தனித்தனியே குறித்துவைப்பார்கள். ஐங்குறுநூற்றைத் தொகுத்தவர் கூடலூர் கிழார்; தொகுப்பித்தவன் யானைக்கட்சேய் மாந்தரஞ்சேரல் இரும்பொறை. நற்றிணைக்குத் தொகுப்பித்தவன் பெயர் கிடைக்கிறது, தொகுத்தவர் பெயர் கிடைக்கவில்லை. குறுந்தொகைக்கு அதற்கு நேர்மாறு. பாடிய புலவரோ இவ்விருவரிலும் சேராத மூன்றாமவர். தம் பாட்டு எந்தப் பாட்டுக்குப் பக்கத்தில் உட்கார வைக்கப்பட்டது என்பதை அறியாதவர்.

இசைத்தட்டு உலகிலும் நிலைமை அதுவே. 'தலைசிறந்த பாடல்கள்' என்று பொன்னெழுத்தில் அச்சிட்ட ஒரு தட்டைக் கையில் எடுக்கும்போது, அதைப் பாடியவரே விரும்பித் தொகுத்தார் என்று நாம் எண்ணிக்கொள்கிறோம். பெரும்பாலும் அப்படியன்று. ஒலிப்பதிவின் உரிமை எவர் கையில் உண்டோ அவரே தொகுப்பிக்கிறார். ஜூடாஸ் பிரீஸ்ட் என்னும் மற்றொரு ஹெவி மெட்டல் குழு, தன் முதல் இரண்டு ஆல்பங்களைக் 'கல்' என்ற சிறு நிறுவனத்தில் வெளியிட்டுவிட்டு, 1977இல் சி.பி.எஸ். நிறுவனத்துக்கு மாறியது. மறு ஆண்டே பழைய நிறுவனம், தன் கையிலிருந்த பதிவுகளைக் கொண்டு 'ஜூடாஸ் பிரீஸ்டின் சிறந்தவை' என்றொரு தட்டை வெளியிட்டது. இரண்டே ஆல்பத்திலிருந்து சிறந்தவை! குழுவோ அப்பொழுதுதான் வளரத் தொடங்கியிருந்தது. நிறுவனம் ஒரு குழுவை இழக்கும்போதோ, அதன் மீது நம்பிக்கை இழக்கும்போதோ திரட்டு பிறக்கிறது. வணிகர் கண்ணோட்டத்தில் அதில் தவறு காண முடியாது. இருப்புச் சரக்கை விற்றுக் கணக்கை முடிக்கிறார்கள். ஆனால் கணக்கு முடிக்கப்படுகிறவன் உயிரோடு எதிரில் நிற்கிறானே!

மோட்டார்ஹெட்டின் தலைவர் லெம்மி அப்படி நின்றவர். ஈயன் பிரேசர் கில்மிஸ்டர் என்பது இயற்பெயர். 1945 டிசம்பர் 24 அன்று இங்கிலாந்தின் ஸ்டோக்-ஆன்-டிரென்ட் நகரில் பிறந்து, வேல்ஸ் நாட்டின் வடபகுதியில் வளர்ந்தார். தந்தை விமானப்படையில் சமய குருவாக இருந்தவர். குழந்தை பிறந்த சில திங்களிலேயே குடும்பத்தைவிட்டு நீங்கினார். இளமையில் ஜிமி ஹெண்ட்ரிக்ஸின் குழுவுக்குக் கருவி சுமக்கும் ஆளாக வேலை பார்த்தார். பிறகு ஹாக்விண்ட் என்ற குழுவில் பேஸ் கிட்டார் வாசிக்கச் சேர்ந்தார். அதுவரை அக்கருவியை அவர் முறையாகப் பயின்றவரல்லர். சாதாரணக் கிட்டாரில் பல தந்திகளைச் சேர்த்து மீட்டுவதுபோலவே இதையும் மீட்டினார். அறியாமையால் வந்த அப்பழக்கமே பின்னர் அவருடைய தனி முத்திரை ஆயிற்று. இரைச்சல் என்று நமக்குப் பட்டதன் பாதி அதுதான் என்று இளைஞன் விளக்கினான். மறுபாதியைப் பற்றி நாம் வினவவில்லை.

1975இல் கனடா எல்லையில் போதைப் பொருள் குற்றச்சாட்டில் கைதானார். ஹாக்விண்ட் அவரை விலக்கியது. அக்குழுவுக்கென்று அவர் கடைசியாக எழுதிய பாட்டின் பெயரே 'மோட்டார்ஹெட்'. ஒருவகைப் போதை மருந்தை உட்கொள்பவரைக் குறிக்கும் கொச்சைச் சொல் அது. இதை மறைத்து எழுதிப் பயனில்லை. அன்னார் வாழ்ந்த முறையை நம் இல்லத்துப் பிள்ளைகளுக்கு எடுத்துக்காட்டாக வைப்பதற்கில்லை. நாம் பேசுவது அவர் தம் தொழிலில் காட்டிய பிடியைப் பற்றி.

புதுக் குழுவின் முதல் ஆல்பத்தை யுனைட்டட் ஆர்ட்டிஸ்ட்ஸ் நிறுவனம் பதிவு செய்தது. ஆனால் விலைபோகாது என்று கருதிப் பெட்டிக்குள் பூட்டிவிட்டது. 1977இல் குழு மனமுடைந்து கலைய முடிவு செய்தது. விடைபெறும் நிகழ்ச்சியை நினைவுக்காகப் பதிவு செய்து தருமாறு சிஸ்விக் என்னும் சிறு நிறுவனத்தாரைக் கேட்டார்கள். அதற்கு வசதிப்படவில்லை; மாறாக, ஒரு சிறு தட்டுக்கென்று இரண்டு நாள் ஒலிப்பதிவுக் கூடத்தை அவர் தந்தார். இரண்டு நாளில் இவர்கள் ஒரு பாட்டைப் பதியவில்லை, பதினொன்றைப் பதிந்தார்கள்! கேட்ட நிறுவனத்தார் மேலும் பணம் தந்து அதை முழு ஆல்பமாக்கினார். கலைந்துபோக வந்த குழு அவ்வாறு தொடங்கியது. பிறகு ப்ரான்ஸ் நிறுவனத்தில் 'ஓவர்கில்', 'பாம்பர்', 'ஏஸ் ஆஃப் ஸ்பேட்ஸ்' என்று 1979க்கும் 1980க்கும் இடையே மூன்று ஆல்பங்கள். 1981இல் வெளிவந்த மேடைப் பதிவு இங்கிலாந்து விற்பனைப் பட்டியலில் முதலிடம் பெற்றது. இதற்கிடையே நடந்த ஒன்று நகைப்புக்கும் சிந்தனைக்கும் உரியது. பெயர் பெருகியதும், 1979இல் பழைய யுனைட்டட் ஆர்ட்டிஸ்ட்ஸ் தான் பூட்டி வைத்த பதிவைத் தூசு தட்டி விற்பனைக்கு விட்டது. ஒலிப்பதிவு பெட்டியிலிருக்கும் நெல்லைப் போன்றது. விலை ஏறும்போது அவிழ்க்கலாம், விதைத்தவனைக் கேட்க வேண்டியதில்லை. லெம்மிக்கு இது மறந்திருக்காது.

ஏற்றத்துக்குப் பின் இறக்கம் வந்தது. கிட்டார் வாசித்த எட்டி கிளார்க் 1982இல் விலகினார். அவரிடத்தில் வந்த பிரையன் ராபர்ட்சன் தேர்ந்த கலைஞர். ஆயினும் குழுவின் புகழ்பெற்ற பழம் பாடல்களை மேடையில் வாசிக்க மறுத்தவர். கேட்க வந்தவர்கள் முகம் சுளித்தார்கள். அவரும் விலகினார். 1984இல் டிரம் வாசித்த பில் டெய்லரும் போய்விட்டார். எஞ்சியவர் லெம்மி ஒருவரே. கிட்டார் வாசிக்க ஒருவரைத் தேடியபோது, வந்தவர்களில் பில் கேம்பெல், வுர்ஸல் என்னும் இருவர் மனத்துக்குப் பிடித்துப்போக, இருவரையுமே சேர்த்துக்கொண்டார். டிரம் வாசிக்க பீட் கில் வந்தார். நால்வரில் மூவர் புதியவர்.

இந்த நிலையில்தான் ப்ரான்ஸ் நிறுவனம் திரட்டு ஒன்றை வெளியிடலாம் என்றது. புதிய நால்வர் மீது நிறுவனத்துக்கு நம்பிக்கை இல்லை. பழைய பதிவுகளைத் திரட்டி விற்றுவிட எண்ணுகிறார்கள் என்று லெம்மி உணர்ந்துகொண்டார். வேண்டாமென்று தடுக்கும் வலிமை அவரிடம் இல்லை. பதிவுகள் நிறுவனத்தின் உடைமை. ஆகவே வேறு வழியில் வந்தார். பாடல்களைத் தாமே தேர்வதாகச் சொன்னார். ஒவ்வொரு பாட்டுக்கும் தாமே குறிப்பு எழுதுவதாகச் சொன்னார். புதிய குழு பாடும் நான்கு பாடல்களும் இதில் இடம்பெற வேண்டும் என்றார். தொகுப்பித்தவர் இருந்த இடத்திலேயே இருக்க, தொகுத்தவர் ஆசனத்தில் பாடியவரே ஏறி அமர்ந்துவிட்டார்!

அவர் தேர்ந்த முறையும் கவனிக்கத்தக்கது. ஆண்டு வரிசை இல்லை. 1980இல் வந்த 'ஏஸ் ஆஃப் ஸ்பேட்ஸ்' முதலில் நிற்கிறது. சிஸ்விக் நிறுவனத்தில் வந்த முதல் ஆல்பத்துப் பாடல்கள் இங்கே மேடைப் பதிவுகளாக வருகின்றன. ராபர்ட்சன் காலத்துப் பாடல்களைக் கேட்டவர்கள் வெறுத்தார்கள் அல்லவா? லெம்மி அவற்றை ஒதுக்கவில்லை, இரண்டைச் சேர்த்திருக்கிறார். விலகிப் போனவர்களையும் தம் கணக்கில் வைத்திருந்தார் என்பது நமக்குப் பிடித்திருந்தது. ப்ரான்ஸ் நிறுவனத்துக்காக 1978இல் பாடிய முதற் சிறு தட்டும் உண்டு. பெண்கள் குழுவான கேர்ள்ஸ்கூலோடு 1981இல் சேர்ந்து பாடியதும் உண்டு.

புதிய நான்கையும் அவர் ஒரே பக்கத்தில் அடுக்கவில்லை. அடுக்கியிருந்தால், பழையதை விரும்பி வாங்கியவன் அந்தப் பக்கத்தைத் தொடாமலேயே விட்டிருப்பான். பக்கத்துக்கு ஒன்றாக ஈற்றில் வைத்ததால், ஊசி மையத்தை நெருங்கும் வேளையில், கேட்பவன் எழுந்து திருப்பிப் போடுவதற்கு முன், புதியவர்கள் ஒருமுறை கதவைத் தட்டிவிடுகிறார்கள். இன்று கைப்பேசியில் இதே திரட்டைக் கேட்போருக்குப் பக்கம் என்பதே இல்லை. 6, 12, 18, 24 என்ற எண்களில் அவை வந்து போகின்றன. அவன் பணம் கொடுத்துத் தட்டு வாங்கியதற்கு ஒரு நியாயம் உண்டு என்று அங்கேயே நாம் ஒப்புக்கொண்டோம்.

முதற் பக்கத்தின் ஈற்றுப் பாட்டின் பெயர் 'கில்ட் பை டெத்'. 'சாவினால் கொல்லப்பட்டான்' என்று இளைஞன் பொருள் சொன்னதும், அதுவரை செய்தித்தாளுக்குப் பின்னே இருந்த தந்தையார் வெளிப்பட்டார். "சாவினால் சாகாமல் வேறெதனால் சாவான்? இதுவும் ஒரு மொழியா?" என்றார். "அதுதானப்பா வேடிக்கை. அவர் செத்துப்போனார் என்று கம்பெனி நினைத்தது, அவர் எழுதிய பாட்டு இது" என்றான் மகன். லெம்மி அதை நினைத்துத்தான் தலைப்பிட்டாரோ என்னவோ, நாம் உறுதி கூறமாட்டோம். ஆனால் தந்தையார் செய்தித்தாளை மடித்து வைத்துவிட்டார்.

இங்கே ஒன்றைச் சொல்ல வேண்டும். அந்தக் கூடத்துச் சுவரில், கண்ணாடிச் சட்டமிட்ட பாராட்டு மடல் ஒன்று தொங்குகிறது. ஓய்வு பெற்ற நாளில் ஷெட் நண்பர்கள் அளித்தது. பொன்னாடை, மாலை, மராத்தியிலும் இந்தியிலும் தமிழிலும் புகழுரைகள். நாமும் அவ்விழாவுக்குச் சென்றிருந்தோம். பேசியவர் ஒவ்வொருவரும் 'உழைத்தார்', 'இருந்தார்', 'உதவினார்' என்றே பேசினார்கள். அன்பால் பேசியவைதாம். ஆனால் அன்று மாலையிலிருந்து அன்பர் பெரும்பாலும் அந்தச் சாய்வு நாற்காலியிலேயே இருக்கிறார் என்று அம்மையார் நம்மிடம் மெல்லச் சொன்னார். சங்கத்தின் பொங்கல் குழுவுக்கு அழைத்தபோதும் 'இனி நமக்கென்ன' என்று ஒதுங்கிவிட்டார். அவர் கைபட்ட ஒரு பழைய எஞ்சின் மடலின் தலைப்பில் படமாக அச்சிடப்பட்டிருக்கிறது. அதுவும் ஒரு திரட்டுத்தான். தொகுத்தவரும் தொகுப்பித்தவரும் பிறர்.

"அப்புறம் அந்தக் கம்பெனி என்ன ஆயிற்று?" என்று அவர் வினவினார். மகன் அறிந்த வரை சொன்னான். திரட்டு நன்றாகவே விற்றது. இங்கிலாந்துப் பட்டியலில் 14ஆம் இடம் வரை ஏறியது. ஆயினும் நிறுவனத்துக்கும் குழுவுக்கும் பிணக்கு முற்றி நீதிமன்றம் வரை சென்றது. ஏறத்தாழ இரண்டாண்டுகள் புதிய ஆல்பம் எதுவும் வெளிவரவில்லை. அக்காலம் முழுதும் அவர்கள் ஊர் ஊராகச் சென்று மேடையில் பாடினார்கள். 1986இல் வேறொரு நிறுவனத்தின் வழியாக அடுத்த ஆல்பம் வந்தது.

"அதற்குப் பிறகு மொத்தம் எத்தனை போட்டான் இந்த மனுஷன்?"

"1986இலிருந்து 2015 வரை பதினாறு, அப்பா. திரட்டுக்கு முன்னே போட்டது ஆறு."

தந்தையார் ஒன்றும் சொல்லவில்லை. ஆறுக்குப் பின் கணக்கை மூட எண்ணினார்கள், பதினாறு மீதமிருந்தது என்பதை விரல்விட்டு எண்ணுவதுபோல அவர் கை நாற்காலியின் பிடியில் அசைந்ததைக் கண்டோம்.

நம் அபிப்பிராயத்தையும் எழுதிவிடுகிறோம். இந்த இசை நமக்கு இனிதாயிற்று என்று சொன்னால் பொய்யாகும். நான்கு பக்கத்தையும் ஒரே மூச்சில் கேட்பது நம் வயதினர்க்கு ஆகாது. 'ஓவர்கில்' என்ற பாட்டு மட்டும் நம்மை நிறுத்தி வைத்தது. இரண்டு பெரிய டிரம்களைக் காலால் மாறி மாறி மிதித்து, இடையறாத ஓட்டம் ஒன்றை பில் டெய்லர் அதில் உண்டாக்குகிறார். முடிந்தது என்று நாம் மூச்சு விடும்போது பாட்டு மறுபடி தொடங்குகிறது. மீண்டும் முடிந்து மீண்டும் தொடங்குகிறது. தனியாவர்த்தனத்தில் மிருதங்கக் கலைஞர் தீர்மானத்தை நெருங்கி நெருங்கிப் பின்வாங்கும்போது அவையில் எழும் சிரிப்பு நம் முகத்திலும் எழுந்தது. பின்வந்த விரைவு இசைக் குழுக்கள் பலவற்றுக்கு இப்பாட்டு வழிகாட்டி என்கிறார்கள். அமெரிக்காவின் மெட்டாலிகா குழுவினர், 1995இல் லெம்மியின் ஐம்பதாம் பிறந்தநாள் விழாவில் அவரைப் போலவே வேடம் புனைந்து அவர் பாடல்களைப் பாடினார்கள். அவரோ கடைசி வரை தாம் பாடுவது ஹெவி மெட்டல் அன்று, வெறும் ராக் அண்டு ரோல் என்றே சாதித்தார்.

லெம்மி 2015 டிசம்பர் 28 அன்று காலமானார். எழுபது வயது நிறைந்து நான்கே நாள். அவரோடு குழுவும் முடிந்தது. அதன் பின்னும் திரட்டுகள் வருகின்றன. 2021இல் 'எவ்ரிதிங் லவுடர் ஃபாரெவர்' என்று ஒன்று வந்தது. எல்லாக் காலத்துப் பாடல்களும் அதில் உண்டு. புதிதாகக் கேட்பவர்க்கு அதுவே எளிது. ஆனால் அதில் புதுப் பாட்டு இருக்க வழியில்லை. வாங்க விரும்பும் இளைஞர்களுக்கு நாம் கூறுவது, 1984ஆம் ஆண்டுத் திரட்டை முதலில் கேளுங்கள். தோலுறைப் பதிப்புக்காக அலைய வேண்டியதில்லை, விலை மிகுதி. அட்டை உறையில் வந்ததிலும் பாட்டு அதுவே. கூடுமானால் லெம்மியின் குறிப்புகள் அச்சான பதிப்பாகப் பார்த்து வாங்குங்கள். பெற்றோர்க்கு நாம் கூறுவது, பிள்ளையின் அறைக் கதவைச் சாத்துவதற்கு முன் ஒரு பக்கமாவது உடனிருந்து கேளுங்கள். பிறகு சாத்திக்கொள்ளலாம், நாமே அதற்கு உடன்படுவோம்.

நாம் விடைபெற எழுந்தபோது நான்காம் பக்கம் ஓடிக்கொண்டிருந்தது. அதன் ஈற்றில், திரட்டின் கடைசிப் பாட்டாக, புதியவற்றில் நான்காவது வந்தது. அதன் பெயர் 'லோகோமோட்டிவ்'. பெயரைக் கேட்டதும் அன்பர் நிமிர்ந்து உட்கார்ந்தார். பாட்டு முடியும் வரை நம்மைப் போகவிடவில்லை. முடிந்ததும் மகனைப் பார்த்து, "மறுபடி வை" என்றார். இரண்டாம் முறை கேட்டபின் தீர்ப்பு வழங்கினார்.

"இவன் எந்த எஞ்சினைக் கேட்டுப் பாடினான்? நீராவி வண்டி இப்படி ஓடாது. இது டீசல். அதுவும் சரக்கை இழுத்துக்கொண்டு மேடு ஏறுகிற டீசல்."

"வேகமாகத்தானே போகிறது அப்பா, மேடு எங்கே வந்தது?"

"சத்தத்தைக் கேள். உனக்கு என்ன தெரியும்? நாளைக்குக் காலையில் என்னோடு ஷெட்டுக்கு வா, காட்டுகிறேன்."

நாம் படியிறங்கும்போது தந்தைக்கும் மகனுக்கும் வழக்கு முற்றியிருந்தது. ஊசி மூன்றாம் முறையும் அதே பாட்டில் இறங்குவது தெருவரை கேட்டது.